தலை இடிக்காத காலை

ஆர்டித் கோல்டர்மன் பதினெட்டு வருடங்களாகக் கவுண்டியின் சாலைத் துறையில் கிரேடர் ஓட்டுகிறாள். எங்கள் ஊரான கார்வரைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் சரளைச் சாலைகள். கோடையில் அவற்றைச் சமன் செய்ய வேண்டும், பனிக்காலத்தில் பனியை ஓரம் தள்ள வேண்டும். மணற்குன்றுகளுக்கு நடுவே ஒரு நாளில் அறுபது மைல் போய்த் திரும்பினாலும் எதிரே இரண்டு வண்டிக்கு மேல் வராது. நெப்ராஸ்காவில் தனிமையாகச் செய்யக்கூடிய வேலைகளில் அதுவும் ஒன்று. அவள் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டதில்லை.

நாற்பத்தேழு வயதில், காணாமல் போகும் விமானங்களைத் தேடும் தன்னார்வ விமானத் துணைப்படையில் சேர்ந்தாள். சேர்வதற்கு முந்தைய ஜனவரியில் கான்சஸிலிருந்து தனியாகப் பறந்து வந்த ஒருவரின் சிறு விமானம் காணாமல் போயிருந்தது. எட்டு நாள் தேடினோம். ஒன்பதாவது நாள், மாடு தேடிப் போன ஒருவர் அதைப் பார்த்தார். டிஸ்மல் ஆற்றின் வடகரையில், சாலையிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு பள்ளத்தில் கிடந்தது. அந்தச் சாலையில் எட்டு நாளும் பனி தள்ளியவள் ஆர்டித். இரண்டாவது இரவு வரைக்கும் அந்த மனிதர் உயிரோடு இருந்திருக்கிறார் என்று மருத்துவர் சொன்னார். அப்படியானால் இரண்டு நாளும் கிரேடரின் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். ஆர்டித் இதை ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள். சேர்க்கைப் படிவத்தில் "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்கு நேராக "வேலை நேரத்துக்கு வெளியே வசதியாக இருக்கிறது" என்று எழுதினாள்.

எங்கள் பிரிவில் பதினோரு பேர். செவ்வாய்க்கிழமை மாலைகளில் விமானத் திடலின் தகரக் கொட்டகையில் கூடுவோம். சம்பளம் கிடையாது. சீருடை உண்டு, பதவி உண்டு, சல்யூட் உண்டு. ஊரில் ஒருவர் என்னவாக இருக்கிறாரோ அதற்கும் இங்கே அவர் பதவிக்கும் தொடர்பில்லை. கால்நடை மருத்துவர் லைல் ஹோசெக் லெப்டினன்ட். பள்ளிச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் சமைத்து ஓய்வு பெற்ற வெண்டல் ஆஸ்ட்பி மேஜர். லைல் பகலில் பண்ணைக்காரர்களை அதட்டி வேலை வாங்குவான். செவ்வாய் மாலையில் வெண்டல் முன் விறைப்பாக நிற்பான்.

"சார், நாலாம் கிளாஸ்ல கேரட்ட தட்டுல மிச்சம் வெச்சதுக்கு என்னை வெளிய நிக்க வெச்சீங்க, ஞாபகம் இருக்கா?" என்று ஒரு முறை கேட்டான்.

"அது கேரட் இல்ல, பீன்ஸு. இப்பவும் நீ முழுசா சாப்பிடறதில்ல. கைய நேரா வை."

வெண்டல்தான் பிரிவின் தேர்வாளர். துணைப்படையில் எதைக் கற்றாலும் ஒரு தாள் உண்டு. தாளில் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பணி: வரைபடத்தில் கோடு போடுதல், வானொலியில் பேசுதல், எரிபொருள் கணக்கிடுதல். செய்து காட்டினால் தேர்வாளர் கையெழுத்திடுவார். முதல் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் எல்லாக் கட்டங்களும் நிரம்ப வேண்டும். இல்லையென்றால் தாள் செத்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்து ஊர்ப் பிரிவுகளில் ஒரு பிற்பகலில் பத்துக் கட்டம் நிரம்பும் என்று சொல்வார்கள். வெண்டலிடம் அது நடக்காது. பணி நடக்கும்போது அவர் வாயைத் திறக்கமாட்டார். சரி என்றும் சொல்லமாட்டார், தவறு என்றும் சொல்லமாட்டார். தரையிறங்கிய பிறகு பேனாவை எடுப்பார், அல்லது எடுக்கமாட்டார்.

ஆர்டித் முதலில் தரைவேலைகளைக் கற்றாள். விமானத்தைக் கையசைத்து நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவருவது, வானொலி மேசை, முதலுதவி. பிறகு பின்னிருக்கை. பின்னிருக்கையில் உட்கார்பவரின் வேலை ஜன்னல் வழியாகத் தரையைப் பார்ப்பது. பார்வையை வழுக்கவிடாமல், நிறுத்தி நிறுத்தி நகர்த்த வேண்டும். பனி மூடிய சாலையில் ஓர முளைக்குச்சிகளைப் பார்த்தே வண்டி ஓட்டியவளுக்கு அது சுலபமாக வந்தது. ஆறு வருடத்தில் நாற்பத்தொரு தேடல்களுக்குப் போனாள். அவற்றில் முப்பத்தொன்பது வெற்றுத் தேடல்கள். விமானம் மோதினால் தானாகக் கத்தத் தொடங்கும் அபாயக் கருவி, மோதாமலும் கத்தும். ஒரு முறை அது பழைய சாமான் கிடங்கில் கிடந்தது. ஒரு முறை ஒருவருடைய பிக்கப் வண்டியின் பின்னால், நாய்க்கூண்டுக்கு அடியில்.

அவளுக்கு வேண்டியிருந்தது முன்னிருக்கை. விமானிக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, எங்கே தேடுவது, எந்தத் திசையில் போவது என்று முடிவு செய்பவரின் இடம். பின்னிருக்கையில் இருப்பவர் காட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். முன்னிருக்கையில் இருப்பவர்தான் இடத்தைக் காட்டுவார்.

முன்னிருக்கைத் தாளில் இருபத்தேழு கட்டங்கள். இருபத்தாறு நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்தது வட்டம்.

திசை காட்டும் கருவி இல்லாமல், வானொலியை மட்டும் வைத்து அபாயக் கருவி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை அது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து இறுக்கமாக ஒரு முழு வட்டம் அடிக்கும். வட்டத்தில் ஒரு இடத்தில் இறக்கை ஆன்டெனாவை மறைக்கும். அந்த நொடியில் கருவியின் கூவல் செத்துப்போகும். அப்போது விமானம் எந்தத் திசையை நோக்கி இருந்தது என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். ஆர்டித்துக்குக் கணக்கு தெரியும். ஆனால் இறுக்கமான வட்டத்தில் அவளுக்கு வாந்தி வரும். கிரேடரில் நாள் முழுக்கக் குலுங்குகிறவளுக்கு இது எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். அவளுக்கும் தெரியவில்லை. இஞ்சி மிட்டாய், மணிக்கட்டுப் பட்டை, வெறும் வயிறு, நிறைந்த வயிறு, எல்லாம் பார்த்தாயிற்று.

அவள் கணவன் டுவேன் வாந்திப் பைகளை மடித்து அவளுடைய சீருடைப் பையில் வைப்பான். "எத்தனை வேணும் இன்னிக்கு? லெப்டினன்ட்டுக்கு ரெண்டா? கேப்டன் ஆனா மூணு குடுப்பாங்களா?"

"ரெண்டு போதும். வாய மூடு."

கேப்டன் பதவிக்கு முன்னிருக்கைத் தகுதி வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். ஏப்ரலில் முதல் வட்டத்தில் அவள் எண்ணைத் தவறவிட்டாள். ஜூனில் எண்ணைச் சரியாகச் சொன்னாள், ஆனால் பைக்குள் சொன்னாள். தரையிறங்கியதும் வெண்டல் "என்ன சொன்னே?" என்றார். அவள் திருப்பிச் சொன்னாள். "இப்ப சொல்றே. விமானிக்குக் கேட்டுச்சா?" விமானத்தை ஓட்டிய லைல், கேட்டது என்று சொல்ல வாயெடுத்தான். வெண்டல் அவனைப் பார்த்தார். கேட்கவில்லை என்றான். பேனா வெளியே வரவில்லை.

ஆகஸ்டில் எங்கள் பழைய விமானத்தை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். செப்டம்பரில் அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. அதன் திசைகாட்டும் கருவி பழுது பார்க்கப் போயிருந்தது. அக்டோபரின் இரண்டாம் சனிக்கிழமை பயிற்சி வைத்தோம். மறுநாள் ஞாயிறு ஆர்டித்தின் தாளுக்குக் கடைசி நாள்.

காலை எட்டு மணிக்கு, கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் பம்ப் அறையில் பயிற்சிக் கருவியை ஒளித்துவைத்தார்கள். லைல் விமானத்தைச் சுற்றி வந்து பார்த்தான். அவனோடு ஆர்டித்தும் பார்த்தாள். எண்ணெய் கசிகிறதா என்று அதன் வயிற்றடியில் குனிந்து போய், மறுபக்கம் எழுந்தாள். லைல் இடது பக்கம் ஏறினான், ஆர்டித் வலது பக்கம், வெண்டல் பின்னால். நான் வானொலி மேசையில் இருந்தேன். அங்கிருந்தே எனக்குத் தெரிந்தவை கொஞ்சம். மற்றதை மூவரும் தனித்தனியாகச் சொன்னார்கள், மூன்றும் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருந்தன.

அவர்கள் மேலேறிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். மீட்பு மையத்திலிருந்து தொலைபேசி வந்தது. உயரத்தில் போன பயணிகள் விமானம் ஒன்று எங்கள் பகுதியில் அபாயக் கருவியின் கூவலைக் கேட்டிருக்கிறது. பழைய வகைக் கருவி, இடம் சொல்லாது. பக்கத்தில் யாராவது பறக்கிறார்களா என்று கேட்டார்கள்.

நான் வானொலியில் சொன்னேன்: "பயிற்சி நிறுத்தம். நிஜத் தேடல். மறுபடி சொல்றேன், நிஜம்."

"புரிந்தது. பயிற்சி நிறுத்தம், நிஜத் தேடல்," என்றாள் ஆர்டித். முன்னிருக்கையில் இருப்பவர்தான் வானொலியில் பேசுவார்.

அவள் அலைவரிசையை மாற்றினாள். கூவல் கேட்டது. மேலிருந்து கீழே இறங்கி இறங்கி வரும் சத்தம், பயிற்சிக் கருவியைவிடக் கரகரப்பாக.

"கேக்குது. வட்டம் அடி, லைல். இடது பக்கம்."

"பை ரெடியா?"

"அடிடா, டாக்டர்."

லைல் விமானத்தைச் சாய்த்தான். குன்றுகள் இடப்பக்க ஜன்னலில் ஏறி நின்றன. அவள் ஒரு கையில் பையையும் இன்னொரு கையில் பென்சிலையும் வைத்திருந்தாள், கண் திசைமானியில். கூவல், கூவல், கூவல். பிறகு இல்லை. பிறகு மறுபடி கூவல்.

"இருநூத்திப் பத்து," என்றாள், சத்தமாக. பிறகு பைக்குள் குனிந்தாள். நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "தொண்ணூறு கழிச்சா நூத்தியிருபது. நூத்தியிருபதுக்குப் போ," என்றாள்.

லைல் விமானத்தை நூற்றியிருபதுக்குத் திருப்பினான். தென்கிழக்கு. எனக்கும் தகவல் வந்தது. நான் சுவர் வரைபடத்தில் நூலை இழுத்துக் குண்டூசி குத்தினேன். நேரம் ஒன்பது பதினான்கு.

பின்னிருக்கையில் வெண்டல் பேசவில்லை. அவர் பேசாமலிருப்பது புதிதல்ல.

கூவல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. குன்றுகள் மறைக்கின்றன என்று அவள் நினைத்தாள். அது நடக்கக்கூடியதுதான். ஐந்நூறு அடி ஏறச் சொன்னாள். ஏறியதும் சத்தம் வலுத்தது, நான்கு நிமிடம் அப்படியே இருந்தது, மறுபடி தேய்ந்தது. இன்னும் ஐந்நூறு அடி ஏறச் சொன்னாள். இந்த முறை சத்தம் வலுக்கவில்லை. கீழே ஒரு காற்றாலை, மாடுகள் தண்ணீர் குடிக்கும் வட்டத் தொட்டி, வேறு எதுவும் இல்லை.

அவள் தொப்பியைக் கழற்றினாள். உச்சந்தலையைத் தடவிப் பார்த்தாள்.

பழைய விமானத்துக்கு வயிற்றடியில் ஆன்டெனா இருந்தது. அடியில் குனிந்து போன எல்லோருக்கும் அது தலையில் இடித்திருக்கிறது. லைலுக்கு இரண்டு தையல். ஆர்டித்துக்கு உச்சியில் ஒரு மேடு, ஏழு வருடத்தில் ஆறவிடாமல் இடித்து இடித்து நிரந்தரமாகிப்போனது.

"லைல், காலையில எனக்குத் தலை இடிக்கல."

"என்னது?"

"அடியில போய் வந்தேன். இடிக்கல. இதுக்கு ஆன்டெனா மேல இருக்கு."

லைல் ஒரு கணம் யோசித்தான். "ஐயோ," என்றான்.

ஆன்டெனா கீழே இருந்தால், இடப்பக்கம் சாயும்போது கருவி வட்டத்துக்கு உள்பக்கம் இருக்கும். தொண்ணூறு கழிக்க வேண்டும். ஆன்டெனா மேலே இருந்தால் வெளிப்பக்கம். தொண்ணூறு கூட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் நேர் எதிர்த்திசை.

"முன்னூறு," என்றாள் ஆர்டித். "திருப்பு. முன்னூறுக்குப் போ. தப்பு என்னோடது." பிறகு வானொலியில் என்னிடம் அதையே சொன்னாள். நான் குண்டூசியைப் பிடுங்கினேன்.

விமானம் திரும்பிக்கொண்டிருக்கும்போது அவள் இருக்கையில் உடலை முறுக்கிப் பின்னால் பார்த்தாள். வெண்டல் மடியில் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆச்சரியப்பட்ட முகமாக இல்லை.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"நீ கழிச்சப்பவே."

"ஏன் சொல்லல?"

"தேர்வுல நான் பேசறதில்ல. உனக்குத் தெரியாதா?"

"பயிற்சி நிறுத்தம்னு மேசையிலேர்ந்து சொன்னாங்க. நான் திருப்பிச் சொன்னேன். நீங்களும் கேட்டீங்க."

வெண்டல் மடியிலிருந்த பலகையைப் பார்த்தார். லைல் முன்னால் பார்த்து ஓட்டினான். தனக்கு அப்போது ஜன்னலைத் திறந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது என்று பிறகு சொன்னான்.

வட்டம் அடித்த இடத்தைத் தாண்டி வடமேற்கே பதினாறு மைல். கூவல் காதை அறுத்தது. ஒரு பண்ணையின் சொந்த ஓடுதளம், ஓரத்தில் தகரக் கொட்டகை. கொட்டகையின் பெரிய கதவு முந்தின இரவுக் காற்றில் சட்டத்தைவிட்டுக் கழன்று, உள்ளே நின்ற சிறு விமானத்தின் வால்மேல் விழுந்திருந்தது. வால் மட்டும் வெளியே தெரிந்தது, கதவுக்கு அடியில் மடிந்து. பக்கத்து வயலில் ஒருவர் டிராக்டரில் புல் கட்டிக்கொண்டிருந்தார். விமானம் இரண்டாவது முறை சுற்றியதும் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அவருக்குத் தன் கொட்டகைக் கதவு விழுந்ததே தெரியாது. நான் ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டேன், அவர்கள் அவர் மனைவியைக் கூப்பிட்டார்கள், மனைவி வயலுக்குப் போனாள். பத்து மணி இரண்டு நிமிடத்துக்குக் கூவல் நின்றது.

யாருக்கும் ஒன்றுமில்லை. ஆர்டித்தின் கணக்கில் இது நாற்பத்திரண்டாவது தேடல், நாற்பதாவது வெற்றுத் தேடல்.

தரையிறங்கியதும் வெண்டல் நேராகச் சமையல் மூலைக்குப் போனார். காலையிலேயே சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டுப் போயிருந்தார். கூடவே இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள். எங்கள் ஊர்ப் பள்ளியில் இரண்டையும் சேர்த்துத்தான் போடுவார்கள். சட்டிக்கு அடியில் தீயைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "தாளைக் குடு," என்றார்.

ஆர்டித் கொடுத்தாள்.

"எண்ணைச் சரியாப் பிடிச்சே. சத்தமாச் சொன்னே. திசையைத் தப்பாச் சொன்னே, நீயே கண்டுபிடிச்சுத் திருத்தினே, கருவி இருக்கற இடத்துக்குக் கொண்டுபோனே. நான் ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல." இருபத்தேழாவது கட்டத்தில் கையெழுத்திட்டார். தேதி போட்டார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை.

லைல் கை தட்டினான். "கேப்டன் கோல்டர்மன்!"

"இரு," என்றாள் ஆர்டித். "அறிக்கை இருக்கு."

ஒவ்வொரு பறப்புக்கும் பின் முன்னிருக்கையில் இருந்தவர் அறிக்கை எழுத வேண்டும். கடைசிப் பகுதி: "என்ன தவறு நடந்தது?" பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்றோ "காற்று" என்றோ எழுதுவார்கள். அவள் மேசையில் என் எதிரே உட்கார்ந்தாள். பென்சிலால் எழுதலாமா என்று கேட்டாள். பேனாவால் எழுத வேண்டும் என்றேன். பேனா வாங்கிக்கொண்டாள்.

லைல் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். படித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆர்டித், இதை இப்படி எழுதினா என்ன ஆகும் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நிஜத் தேடல்ல தேர்வு நடத்தியிருக்கார்னு ஆயிடும். மாநிலத் தலைமையகத்துல இந்தப் பறப்பையே பயிற்சிக் கணக்குலேர்ந்து அடிச்சிடுவாங்க. கையெழுத்தும் போச்சு. நாளைக்கோட தாளும் போச்சு. இருபத்தாறு கட்டம், ஆர்டித்."

"எண்ணத் தெரியும் எனக்கு."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியே. ஒரு கதவு விழுந்திருக்கு. அவ்வளவுதானே? 'திசை தவறியது, திருத்தப்பட்டது'ன்னு எழுதுங்க. அது பொய் இல்ல."

"கதவுதான்னு நமக்கு எப்பத் தெரியும்?"

"பத்து மணிக்கு."

"ஒன்பது பதினாலுக்கு?"

லைல் நிமிர்ந்து நின்றான். அவள் எழுதி முடித்தாள். நான் தலைகீழாகப் படித்தேன். "வட்டத்தின் கணக்கைத் தவறாகப் போட்டேன். பதினோரு நிமிடம் எதிர்த்திசையில் போனோம். தவறு என்னுடையது. பின்னிருக்கையில் இருந்த தேர்வாளருக்கு அது தவறு என்று தெரியும். சொல்லவில்லை." வேறு எதுவும் இல்லை. ஜனவரியில் பனி தள்ளியதைப் பற்றியோ கான்சஸ்காரரைப் பற்றியோ அதில் இல்லை.

அறிக்கையைப் பறப்பில் இருந்த மூவரும் படித்துக் கையெழுத்திட வேண்டும். லைல் கையெழுத்திட்டான். ஆர்டித் அதை எடுத்துக்கொண்டு சமையல் மூலைக்குப் போனாள். வெண்டல் ஈரக் கையோடு வாங்க மறுத்து, அவளையே பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படித்தார். கண்ணாடி ஆவியில் மங்கியிருந்ததால் ஒரு முறை கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"பதினொண்ணு இல்ல," என்றார்.

"என்ன?"

"பன்னெண்டு. நான் கடிகாரம் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கிப் பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினார். பக்கத்தில் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டார். கீழே கையெழுத்திட்டார். பிறகு கரண்டியை எடுத்தார்.

"சாப்பிடறியா? வயிறு சரியாயிடுச்சா?"

"கொஞ்சமாப் போடுங்க."

"சுருள்?"

"ஒண்ணு."

எல்லோரும் சாப்பிட்டோம். டெனிசன் தம்பதியின் மாட்டு ஏலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பயிற்சிக் கருவி பம்ப் அறையில் இன்னும் கத்திக்கொண்டிருப்பது மூன்று மணிக்குத்தான் ஞாபகம் வந்தது.

மூன்று வாரத்தில் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. லைல் சொன்னபடிதான். அந்தப் பறப்பு பயிற்சிக் கணக்கில் சேராது. ஆர்டித்தின் தாள் அக்டோபர் நடுவில் காலாவதியாகிவிட்டது. வெண்டலின் தேர்வாளர் தகுதி ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது, அதற்குள் அவர் தேர்வாளர் பாடத்தைத் திரும்பப் படித்துத் தேற வேண்டும். முன்னதாகவே எதிர்பார்த்திருந்ததால் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. டுவேன் மட்டும், "இன்னும் ரெண்டு வருஷம் நான் பை மடிக்கணுமா?" என்று கேட்டானாம்.

அடுத்த செவ்வாய் ஆர்டித் புதுத் தாளோடு வந்தாள். முதல் கட்டம், வரைபடத்தில் கோடு போடுவது. அதே மேசையின் மறுமுனையில் வெண்டல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்.

"ஆர்டித், தேடலின்போது தேர்வாளரோட முதல் கடமை என்னன்னு கேக்குது."

"நாலு பதிலும் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்புறம் என்ன?"

"சும்மா சொன்னேன்," என்றார் வெண்டல். பிறகு ஒரு விரலால் தட்டினார்.

மேடம் மேஜர் என்று நாங்கள் கூப்பிடும் ஒருத்தி, எழுபது மைல் தள்ளியிருக்கும் பிரிவிலிருந்து மாதம் ஒரு முறை வந்து கையெழுத்துப் போட்டாள். அவள் பணி நடக்கும்போதே பேசுவாள், நிறையப் பேசுவாள். மே மாதத்தில் ஆர்டித்தின் தாளில் வட்டம் மட்டும் மிச்சம் இருந்தது.

அன்று காலை விமானத்தில் ஏறியபோது, வானொலிக்கு மேலே வெள்ளை நாடாத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. "ஆன்டெனா மேலே. இடது வட்டம் என்றால் கூட்டு." பெரிய எழுத்துகள், சமையலறை டப்பாக்களில் சீனி, உப்பு என்று எழுதி ஒட்டியிருக்கும் அதே கை. எப்போது ஒட்டினார் என்று யாருக்கும் தெரியாது.

"இது யார் வேலை?" என்றாள் மேடம் மேஜர்.

"எங்க சமையல்காரர்," என்றான் லைல்.

"தேர்வுல இது இருக்கக் கூடாதே."

ஆர்டித் நாடாவை ஓரத்தில் நகத்தால் கிளப்பிக் கிழியாமல் உரித்தாள். தன் முழங்காலில் ஒட்டி, எழுத்து தெரியாதபடி மேலே வரைபடத்தை வைத்துக்கொண்டாள். லைல் மேலேறினான். வட்டம் அடித்தார்கள். கூவல் நின்ற இடம் நாற்பது. அவள் சத்தமாக, "நாப்பது. தொண்ணூறு கூட்டினா நூத்திமுப்பது," என்றாள். பிறகு வாந்தி எடுத்தாள். பயிற்சிக் கருவி தானியக் கிடங்கின் ஏணியடியில் இருந்தது.

இறங்கியதும் மேடம் மேஜர் இறக்கையின் மேல் தாளை வைத்துக் கையெழுத்திட்டாள். வெண்டல் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டித் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டாள். பிறகு மறுபடி விமானத்துக்குள் ஏறி, முழங்காலிலிருந்து நாடாவை எடுத்து, பழைய இடத்திலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். ஒரு முனை பிடிக்கவில்லை. அதை மட்டும் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.